ஒரே கோப்பில் இரண்டு கோமஸ்

மச்சான்,

போன செவ்வாய்க்கிழமை பரமட்டாவில் இரத்தப் பரிசோதனைக்குப் போய்க் காத்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து "கோமஸ்!" என்று கூப்பிட்டாள். மூன்று பேர் எழுந்தோம். நான், ஊன்றுகோலோடு ஒரு வயதான அம்மா, அலுவலகச் சட்டை போட்ட ஒரு பிலிப்பைன்ஸ்காரர். அறையே சிரித்தது. கடைசியில் பிலிப்பைன்ஸ்காரரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த அம்மா என் பக்கத்துக் கதிரைக்கு மாறி வந்தார். சிலி நாட்டவர். கோமே என்பது பழைய காலத்து ஸ்பானிய ஆண் பெயராம். கோமேயின் மகன்தான் கோமஸ், பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ் ஆனது போல. "உங்களுக்கு இந்தப் பெயர் எப்படி?" என்று கேட்டார். எங்கள் கடற்கரைக்குப் போர்த்துக்கேயர் வந்து ஞானஸ்நானம் கொடுத்தபோது சேர்த்துக் கொடுத்தது என்றேன். தலையை ஆட்டினார். "எங்கள் தெருவில் மட்டும் நாலு கோமஸ் வீடு. ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. சொந்தமா என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை. ஊன்றுகோலோடு வந்த ஒரு கிழவி ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்ததை, குடிவரவு அலுவலகத்தில் மேசையும் கணினியும் அதிகாரமும் வைத்திருந்தவர்களுக்கு இத்தனை வருடமாக நம்மால் புரியவைக்க முடியவில்லையே. நீ போய் எட்டு மாதமாகிவிட்டது. இன்னும் புரியவில்லை அவர்களுக்கு.

படகில் பன்னிரண்டு நாள் ஒன்றாக வந்தும் நாம் இருவரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. நீ படகின் முன்பக்கம், அணியத்தில் இருந்தாய். நான் எஞ்சினுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். கரையில் இறக்கி, ஆங்கில எழுத்து வரிசையில் நிறுத்தினார்கள். உன்னை எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது அந்த வரிசைதான். பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு பேரும் கை தூக்கினோம். நீ திரும்பிப் பார்த்தாய்.

"நீயும் கோமஸோ? எந்த ஊர்?"

"பேசாலை."

"நான் முல்லைத்தீவு. அப்ப அந்தப் போர்த்துக்கேயப் பாதிரி நல்லாத்தான் அலைஞ்சிருக்கிறார்."

அதற்குப் பிறகு எந்த வரிசையிலும் நீதான் எனக்கு முன்னால். சாப்பாட்டுக்கு, மருந்துக்கு, தொலைபேசிக்கு. முகாமில் நம்மை ஒரே அறையில் போட்டார்கள். அந்தப் பெயரால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை நீ.

அகதி விண்ணப்ப நேர்காணலில் அதிகாரி அம்மணி என்னைக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "உங்கள் சகோதரர், அப்பா கடலில் காணாமல் போனார் என்கிறார். நீங்கள், அப்பா காய்ச்சலில் இறந்தார் என்கிறீர்கள். யார் சொல்வது பொய்?" மொழிபெயர்ப்பாளரே என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அவர் என்ர சகோதரம் இல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே பேர், அவ்வளவுதான்" என்றேன்.

நம் பிறந்த தேதிகளுக்கு நடுவே ஐந்து மாதம்தான் இருந்தது. ஐந்து மாத இடைவெளியில் எந்தத் தாய் இரண்டு பிள்ளை பெறுவாள்? அதையும் கேட்டேன். தேதி பிழையாகப் பதிவாகியிருக்கலாம் என்றார் அம்மணி. தேதி பிழைக்கலாமாம், அவருடைய ஊகம் மட்டும் பிழைக்காதாம். இந்த நாட்டில் ஸ்மித் என்ற பெயரில் இரண்டு பேர் வந்து நின்றால் அண்ணன் தம்பியா என்று கேட்பார்களா?

இருவருக்கும் மறுப்புக் கடிதம் வந்தது. இரண்டிலும் முப்பத்துநாலாம் பந்தி ஒன்றேதான். 'இவர்கள் இருவரும் சகோதரர்கள் என ஏற்றுக்கொள்கிறேன். அதை மறைக்க முயல்வது இவர்களுடைய நம்பகத்தன்மையைப் பாதிக்கிறது.' அந்த வரியை நீ வாய்விட்டு வாசித்துவிட்டு, "மச்சான், நாங்கள் ரெண்டு பேரும் களவாப் பிறந்திருக்கிறம்" என்றாய். நான் சிரித்தேன். சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

என் அம்மா மன்னாரிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து அனுப்பினா. மறுபரிசீலனையில் என்னை ஏற்றுக்கொண்டார்கள். நீ எங்கே போவாய்? உன் கோயிலும் அதிலிருந்த ஞானஸ்நானப் பதிவேடும் சண்டையோடு போனவை. உன்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. கடலுக்குப் போவதற்கு உன் அப்பாவுக்குக் கொடுத்திருந்த மீன்பிடி அட்டை. அவருடைய பெயரும் முகமும் உள்ள அட்டை. பொலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் கட்டி, கடலைத் தாண்டிக் கொண்டுவந்தாய். நம் அப்பாமார் வேறு வேறு ஆட்கள் என்று காட்ட அதையே கொடுத்தாய். அசல்தான் வேண்டும் என்றார்கள், அசலையே கொடுத்தாய். படம் மங்கல், சான்று போதாது என்று எழுதினார்கள். அட்டையைத் திருப்பித் தரவேயில்லை.

என் பக்கம் கதவு திறந்தது, உன் பக்கம் திறக்கவில்லை. அதை என்னால் இன்றைக்கும் சீரணிக்க முடியவில்லை.

நம் ஆட்கள் மட்டும் திறமா? பென்டில் ஹில் தமிழ்க் கடையில் நீ அரிசி மூட்டைக்குச் சொல்லிவைக்கப் பெயர் கொடுத்தபோது முதலாளி நிமிர்ந்து பார்த்து, "கோமஸோ? அப்ப நீங்கள் எங்கட ஆக்கள் இல்லையோ?" என்று கேட்டாரே. நீ அவரை மேலும் கீழும் பார்த்தாய்.

"அண்ணை, நீங்கள் இருக்கிற கதிரையும் போர்த்துக்கேயன் தந்த சொல்லுத்தான். முதல்ல அதில இருந்து எழும்புங்கோ. பிறகு ஆர் எங்கட ஆக்கள் எண்டு கதைப்பம்."

மனுசன் உண்மையாகவே எழும்பிவிட்டார். பிறகு அரிசி மூட்டையைத் தானே தூக்கிவந்து காரில் வைத்தார்.

கடைசி வருடம், வழக்கு முடியும்வரை உனக்குத் தந்திருந்த தற்காலிக விசாவைப் புதுப்பிக்கும் கடிதம் வராமல் மாதக்கணக்காக இழுபட்டது. மருத்துவ அட்டையும் செல்லாமல் கிடந்தது. வயிற்று வலியை நீ யாருக்கும் சொல்லவில்லை. வேலைத்தளத்தில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பின்னேரம் நாலு மணி இருக்கும். அந்த வார்டில் குடும்பத்தினர் மட்டும்தான் வரலாம் என்று தாதி வாசலில் மறித்தாள். பெயரைக் கேட்டாள். சொன்னேன். பட்டியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சகோதரரா?"

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

கட்டிலில் இருந்த உனக்கு அது கேட்டுவிட்டது. உதடு காய்ந்து வெடித்திருந்தது, ஆனாலும் சிரித்தாய். "கடைசியில ஒத்துக்கொண்டிட்டாய். உன்ர நம்பகத்தன்மை போச்சு, போ."

ஒன்பது நாள் அந்தப் பொய்யோடு உன் பக்கத்தில் இருந்தேன். மருத்துவர்கள் என்னிடம்தான் சொன்னார்கள். கையெழுத்தும் நான்தான் போட்டேன். உன்னைப் புதைத்த அன்று உன் அம்மா தொலைபேசியில் அழுது முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டா. "தம்பி, அவன்ர அப்பாவின்ர முகம் அந்த அட்டையில மட்டும்தான் இருக்கு. அதையாவது எடுத்து அனுப்பு ராசா."

அன்று தொடங்கிக் கேட்கிறேன். குடிவரவு அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். இறந்தவரின் ஆவணங்களை உறவினருக்கு மட்டுமே தரமுடியும் என்று பதில் வந்தது. சகோதரர் என்று எழுதினேன். அதற்கு வந்த பதிலைக் கேள், மச்சான். பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் சகோதரர் என்பதற்குச் சான்றாகாதாம்.

சான்றாகாதாம்! உன்னை வெளியே தள்ளும்போது ஆகியது. உன் அப்பாவின் படத்தை உன் அம்மாவுக்குக் கொடுக்கும்போது ஆகாது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

சோர்ந்துபோய் அந்தக் கடிதத்தைத் தூக்கி அலுமாரிக்குள் போட்டிருந்தேன். அந்தச் சிலி அம்மா சொன்னதைக் கேட்டபிறகுதான் வீட்டுக்கு வந்து உன் பெட்டியைத் திறந்தேன். உன் வேலைச் சப்பாத்து, முகச்சவர மெசின், அடியில் மறுப்புக் கடிதம். முப்பத்துநாலாம் பந்தி இருக்கும் பக்கத்தைப் படி எடுத்தேன். அந்த இரண்டு வரிக்கும் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். அட்டையைத் திருப்பிக் கேட்கும் விண்ணப்பத்தில் உறவு என்ற கட்டத்தில் சகோதரர் என்று எழுதினேன். சான்று என்ற கட்டத்தில், உங்கள் சொந்தத் தீர்மானம், பந்தி முப்பத்துநாலு என்று எழுதினேன். புதன்கிழமை பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன்.

இனி அவர்கள்தான் யோசிக்கட்டும். நீ என் சகோதரம் என்றால் அட்டையைத் தரவேண்டும். இல்லை என்றால், உன்னை எதற்காக மறுத்தார்கள் என்று சொல்லவேண்டும். எதைச் சொன்னாலும் நான் விடப்போவதில்லை. நீ என் கூடப்பிறந்தவன். அவர்களே எழுதித் தந்திருக்கிறார்கள்.