எல்பா சொல்லாத வரி

மில்வாக்கி
நவம்பர் 9, 1997

அன்புள்ள கொமாத்ரே ஹெர்லிந்தாவுக்கு,

உன் மகனுக்கு ஞானத்தாயாக நின்று உனக்குக் கொமாத்ரே ஆனவள் அவன் பிறந்தநாளுக்குக்கூட வராமல் அண்ணன் வீட்டில் ஒளிந்துகொண்டிருக்கிறேன். நன்றாகத் திட்டு. போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் எடுப்பதில்லை.

நாடகம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கண்ணை மூடினால் தேவாலய மண்டபம்தான் வருகிறது. நம் கட்டிடத்து எல்பாவின் கதையை எழுதும்போது அவள் பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், தையல்காரியைச் சமையல்காரி ஆக்கினேன். கேக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். ஜூன் மூன்றாம் தேதி தவறாமல் அவள் பால் கேக் செய்து கட்டிடம் முழுக்கக் கொடுப்பாளே, நானே எட்டு வருஷம் தின்றவள். மெக்ஸிகோவில், புவேப்லாவில் அத்தை வீட்டில் விட்டு வந்த மகளின் பிறந்தநாள் அது என்று, தெருக்காரர்கள் தங்கள் கதையைச் சொல்லும் நம் கதைவட்டத்தில், மற்றவர்கள் போன பிறகு நம் இருவரிடம் மட்டும் சொன்னாள். அதை நாடகத்தில் பார்த்தால் ஊரே கண்டுபிடித்துவிடும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

நடிகை கேக்கோடு மேடைக்கு வந்ததும் பின்வரிசையில் ஒரு குரல், “அட, இது நம்ம எல்பா கேக்குல்ல?” என்றது. நம் ஆட்கள் மேடையோடு பேசுகிறவர்கள். அப்படிப் பேசுங்கள் என்று பழக்கியதே நாம்தான். எல்லாத் தலையும் எல்பா பக்கம் திரும்பியது. அந்தக் கேக்கைப் பன்னிரண்டு வருஷமாக ஏதோ நேர்ச்சை என்று நினைத்திருந்த அவள் புருஷன் ஃபெர்மீன், தொப்பியை எடுத்துக்கொண்டு தனியாக வெளியே போனார். எல்பா எழுந்திருக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

யார் கதையோ அவர் வீட்டில் உட்கார்ந்து, எழுதியதை வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே மேடை. நம் விதி இது. நீ போய் வாசித்தாய், அவளும் தலையாட்டினாள். அப்படியும் குற்றம் என்னுடையதுதான். கேட்டவளுக்கு உறைக்காமல் போகலாம், எழுதினவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

நகர மையத்துப் பெரிய அரங்கு இந்த நாடகத்தை ஏப்ரலில் போடக் கேட்டது. முடியாது என்று எழுதிவிட்டேன். இனி எதுவும் எழுதுவதாக இல்லை. எல்பா வீட்டை விட்டுப் போய்விட்டாளாமே, அவள் முகவரியை மட்டும் அனுப்பு.

உன் கொமாத்ரே,
நெரெய்தா


சிகாகோ
நவம்பர் 24, 1997

என் அருமை நெரெய்தாவுக்கு,

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன். அவசரக்குடுக்கை. பெரிய அரங்குக்கு முடியாது என்று எழுதும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நம் தெருவிலிருந்து ஒருத்தி அந்த வாசலை மிதிப்பதற்கு எத்தனை வருஷம் காத்திருந்தோம்.

இங்கே கட்டிடத்தைச் சூடாக்கும் கொதிகலன் மறுபடி செத்துவிட்டது. வீட்டுக்காரனுக்கு எதிராக நாடகம் போட்டு அதை மாற்ற வைத்தவர்கள் நாம், இப்போது குடியிருப்போர் சங்கத் தலைவியான நான் ஒருத்தியாகப் போய்க் கத்துகிறேன். செவ்வாய்க்கிழமை கதைவட்டத்துக்கு ஒருவரும் வருவதில்லை. சட்டி நிறையக் காபி போட்டு நானே குடித்துவிட்டு நாற்காலிகளை மடக்கி வைக்கிறேன். சலவைக்கடையில் ஒருத்தியைக் கூப்பிட்டதற்கு, “வேணாம்மா, உங்ககிட்ட வாயத் தொறந்தா மேடையில ஏத்திருவீங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஃபெர்மீனைப் படிக்கட்டில் பார்த்தேன். மெலிந்துவிட்டார். மகள் இருப்பதைப் பற்றி அவருக்குக் கோபமே இல்லை. “பன்னெண்டு வருஷம் என்கிட்ட சொல்லாதத நாடகக்காரிங்ககிட்ட சொன்னாளே” என்றார்.

எல்பா பக்கத்து ஊர் சிசரோவில் தங்கை வீட்டில் இருக்கிறாள். இப்போது எழுதாதே. ஆறட்டும். உன்னை நீயே இப்படி அடித்துக்கொள்ளாதே, எனக்குத் தாங்கவில்லை.

உன் ஞானமகன் முத்தம் அனுப்புகிறான்.

ஹெர்லிந்தா


மில்வாக்கி
ஜனவரி 18, 1998

அன்புள்ள கொமாத்ரே,

நீ அனுப்பிய தமாலே வந்து சேர்ந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை. அண்ணன்தான் பாதிக்கு மேல் தின்றுவிட்டு, “நாடகக்காரிக்கு இப்ப வசனமே வரலியா?” என்று கேலி செய்கிறான். வரவில்லைதான். பள்ளிச் சமையலறையில் தட்டு கழுவுகிறேன்.

நீ வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், எல்பா வேலை செய்த தையல்கடைக்குப் போன் போட்டு முகவரி வாங்கி அவளுக்கு எழுதிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன்.

ஒன்று மட்டும் சொல். நீ வாசித்து முடித்ததும் தலையாட்டினாளே, அப்போது அவள் முகம் எப்படி இருந்தது? தயங்கினாளா? உனக்காகச் சரி என்றாளா? இதையே நினைத்துக்கொண்டு தட்டைக் கழுவுகிறேன், கழுவிய தட்டையே மறுபடி கழுவுகிறேன்.

நெரெய்தா


சிகாகோ
பிப்ரவரி 15, 1998

நெரெய்தா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நான் வாசிக்கவே இல்லை.

தாள்களை எடுத்துக்கொண்டு மூன்று நாள் போனேன். முதல் நாள் அவள் வேலைக்குப் போயிருந்தாள். இரண்டாம் நாள் ஃபெர்மீன் வீட்டில் இருந்தார். மூன்றாம் நாள் தனியாக இருந்தாள். காபி போட்டாள். தங்கை முகவரிக்கு மகளிடமிருந்து கடிதம் வந்திருந்தது, எடுத்துக் காட்டினாள். மொத்தம் இரண்டு வரி. எல்பா அவளுடைய செருப்பு அளவைக் கேட்டு எழுதியிருந்தாளாம், அதற்குப் பதில். வேறு ஒரு சொல் இல்லை. அதை வைத்துக்கொண்டு எல்பா அவ்வளவு சந்தோஷமாகப் பேசினாள். தாள்கள் என் மடியில் பைக்குள் இருந்தன.

கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். எனக்கு அது தெரியும். சுவரொட்டி எல்லாம் ஒட்டியாகிவிட்டது, நகரசபை உறுப்பினர் வருகிறார், மண்டபத்தில் நானூறு நாற்காலி. சங்கத்துக்கு அந்தக் கூட்டம் வேண்டியிருந்தது. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மண்டபத்து வாசலில் நீ சுத்தியலும் கையுமாக நின்று, “என்ன சொன்னா?” என்றாய். “தலையாட்டினா” என்றேன்.

நீ வெட்கப்பட்டு ஊரை விட்டுப் போனபோதும் சொல்லவில்லை. பழியை நீயே எடுத்துக்கொண்டாய், எனக்கு வசதியாக இருந்தது. நான் பாவி, கொமாத்ரே. பெரிய அரங்குக்கு எழுதிச் சொல், பொய் சொன்னது நான்தான் என்று.

ஹெர்லிந்தா


மில்வாக்கி
பிப்ரவரி 22, 1998

அன்புள்ள ஹெர்லிந்தாவுக்கு,

எனக்குத் தெரியும். எல்பாவின் பதில் ஜனவரி கடைசியிலேயே வந்துவிட்டது. நீயாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். சொல்லாமலே இருந்திருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அவள் எழுதியதை உனக்கும் எழுதுகிறேன். “எனக்கு யாரும் எதையும் வாசிச்சுக் காட்டல. கேக் போகட்டும், ஃபெர்மீன்கிட்ட நானே என்னைக்காவது சொல்லியிருப்பேன். நாடகத்துக் கடைசியில அந்தப் பொண்ணு ‘அம்மா, உன்னை மன்னிச்சுட்டேன்’னு சொல்றாளே, அதை உங்களுக்கு யார் சொன்னது? என் மக சொல்லல. இத்தனை வருஷமா நான் கேட்டும் சொல்லல. நீங்களா எழுதிக்கிட்டு எல்லாரும் கைதட்டினீங்க.”

அந்த வரியை எழுதியது நான். கதைவட்டத்தில், அப்புறம் மகள் என்ன சொன்னாள் என்று நாம் கேட்டபோது எல்பா ஜன்னலைப் பார்த்தாள், உனக்கு நினைவிருக்கும். ஜனங்கள் அழுது, மனசு லேசாகி வீட்டுக்குப் போக எனக்கு ஒரு வரி வேண்டியிருந்தது. போட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். எழுதினவள்தான் போய் வாசிக்க வேண்டும், அதுவும் நம் விதிதான். ஒத்திகை இருக்கிறது என்று உன்னை அனுப்பினேன். அவள் மறுப்பதை நேரில் கேட்க எனக்கும் இஷ்டமில்லை. அன்று வாசலில் உன் முகத்தைப் பார்த்தபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது. கேட்காமல் ஆணி அடிக்கத் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். செவ்வாய்க்கிழமை கதைவட்டம் உண்டு என்று சலவைக்கடைக் கதவில் எழுதி ஒட்டு. இந்த முறை சொல்ல வேண்டியவர்கள் நாம் இருவர். நடந்ததை நடந்தபடி சொல்வோம். எத்தனை பேர் வந்தாலும் சரி, ஒருவர் வந்தாலும் சரி. எல்பாவைக் கூப்பிடாதே, அவள் பெயரையும் எடுக்க வேண்டாம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கொமாத்ரே. அந்த வரியை இன்னொரு தடவை எழுத எனக்குக் கை வரவில்லை.

நெரெய்தா