சாராயக்கடைச் சுவரில் என் கையெழுத்து

நேற்று நம் மகள் தன் புதுவீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையைக் கொண்டுவந்தாள். பெயர்கள் மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்து, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, யாரோ பேனாவால் இழுத்து எழுதியது போல இருந்தன. "கம்ப்யூட்டர் எழுத்தும்மா, கையால எழுதுன மாதிரியே கீது பாரு" என்றாள். எனக்குக் காது மடல் சுட்டது. இந்த வயதிலும்.

அவள் பிறந்தபோது பழையசீவரத்தில் என் தாய்வீட்டிலிருந்து உங்களுக்கு எழுதினேனே, அப்போதுதான் என் எழுத்தை முதன்முதலாகப் பார்த்தீர்கள். பள்ளிக்கூடத்தில் அதைக் கோழி கிளறியது என்பார்கள். எட்டாவதோடு நின்றவள்தானே நான். கொம்புகள் சுருண்டிருக்கும், பழைய ‘லை’யின் தும்பிக்கை பக்கத்து எழுத்தின் தலையைத் தொடும். நீங்களோ உத்திரமேரூர் கடைத்தெருவுக்கே போர்டு எழுதுகிறவர். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, செங்கல் அடுக்கியது போல எழுதுவீர்கள்.

குழந்தையோடு திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், தையற்கடைப் பலகையில் நீல நிறத்தில் என் எழுத்து.

"இன்னாங்க இது?"

"கடக்காரருக்கு ரொம்பப் புடிச்சிடுச்சிமே. போர்டு பேசுறா மாதிரி கீதுன்றார்" என்று சிரித்தீர்கள்.

பிறகு சோடாக்கடை, சலூன், லாரியின் பின்பலகை என்று ஊரே அதைக் கேட்டு வாங்கியது. எனக்கோ மாராப்பு விலகியது தெரியாமல் தெருவில் நடந்துவிட்டது போல இருந்தது. கடைத்தெருவில் தலை நிமிராமல் போவேன்.

சாராயக்கடை திறந்த சமயம் என் தம்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, சாராயக்கட செவுத்துல உன் எழுத்து கீது. எனுக்குக் கடுதாசி போடுவியே, அதே எழுத்து. அந்தக் கடுதாசியப் பாத்திருக்கிற கூட்டாளிங்க சிரிக்கிறானுங்க."

நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் எதிரிலேயே கத்தினேன். "என்னக் கொண்டுபோய் குடிகாரனுங்க நடுவுல நிக்க வெச்சிட்டீங்களே!"

மறுநாள் காலையில் சுண்ணாம்பு வாளியோடு போய்ச் சுவருக்கு வெள்ளையடித்து, உங்கள் நேர் எழுத்தில் மாற்றி எழுதிவிட்டு வந்தீர்கள். கையில் சுண்ணாம்பு காயாமலே வாசலில் நின்று, "உன்ன ஒரு வார்த்த கேட்டுகினு எழுதியிருக்கணும்மே. தப்புதான்" என்றீர்கள்.

அதன்பின் அந்த எழுத்தை நீங்கள் தொடவே இல்லை. "அந்தச் சாஞ்ச எழுத்துல போட்டுக்குடுப்பா" என்று வீடு தேடி வந்தவர்களிடம், "அது என்து இல்லபா" என்று சொல்லி அனுப்பிவிடுவீர்கள். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ‘எழுதிக் குடுங்க’ என்று ஒருமுறை சொல்லியிருக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத மதியங்களில் தையற்கடைக்கு எதிரே நின்று அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருந்தது. அதைக்கூட உங்களிடம் கடைசிவரை சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு வெட்கம்.

அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. கையெழுத்துப் போடும்போதெல்லாம் இடக்கையால் மறைத்துக்கொள்கிறேன். போன வாரம் வங்கிக் கவுன்ட்டரில் இருந்த பெண், "கைய எடுங்கம்மா, உங்க எழுத்த யார் பாக்கப் போறாங்க?" என்றாள்.

பார்த்த ஒருவர் இருந்தார் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?