துடைக்கக் கூடாத வண்டி

மச்சான்,

சென்ற வெள்ளிக்கிழமை காலை உன் வீட்டு முற்றத்தில் கூடியவர்கள், நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, உன் காரை இனி யாரும் துணியால் துடைப்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். முன்மொழிந்தவர் சென்னையிலிருந்து வந்திருந்த பழைய கார் தரகர். வழிமொழிந்தவன் உன் மகன் பாலு. நான் பார்வையாளன். நீ போய்ச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் அந்த வண்டியைத் துடைத்து வருபவள் உன் மனைவி தனம் என்பதால், அவளைக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. அவள் எங்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

தூசி இருந்தால்தான் விலை என்றார் தரகர். கொட்டகையில் பல்லாண்டு மறந்து கிடந்த வண்டி என்றால் சேகரிப்பவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறுமாம். சிக்கல் என்னவென்றால், உன் வண்டியில் தூசி இல்லை. ஆகவே முந்திரித் தோப்பிலிருந்து ஒரு சாக்குச் செம்மண் வந்தது. தனத்தின் மாவுச் சல்லடையை வாங்கி, தரகர் தன் கையாலேயே கூரைமேல் சலித்தார். "காலம் போட்ட படலம் சார் இது. காசு குடுத்தாலும் வராது," என்றார், சல்லடையை ஆட்டியபடியே. பிறகு தள்ளி நின்று ஓவியனைப் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பானட்ல கொஞ்சம் கோழி எச்சம் இருந்தா நேச்சுரலா இருக்கும்," என்றார். பாலு கோழியைப் பிடிக்கப் போனான்.

அந்த மண் என் மூக்கில் ஏறியது. செம்மண்ணும் டீசலும் கலந்த வாடை. உன் சட்டையில் எப்போதும் இருந்ததுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வண்டி ஆலங்குடிக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது வந்த விலைக்குத் தள்ளிவிட்ட அமெரிக்கக் கார். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், நீண்ட மூக்கு. நேர்ச்சாலையில் பறப்பதற்கென்றே செய்தது. நம் ஊரில் நேர்ச்சாலையே கிடையாது. "கடலை வியாபாரிக்கு எதுக்கு மச்சான் இது?" என்று கேட்டேன். "பாக்க நல்லாருந்துச்சு மாப்ள," என்றாய். ஒரு மாதத்தில் உன் முகம் வாடிவிட்டது. "ஆலங்குடியில பெட்ரோல் ஊத்துனா திருவரங்குளத்துல ஏப்பம் விடுதுடா," என்றாய்.

பிறகு நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்ததைத்தான் நீயும் செய்தாய். புதுக்கோட்டைப் பட்டறையில் அந்த எட்டு சிலிண்டர் இஞ்சினைப் பிடுங்கிவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு வேனின் டீசல் இஞ்சினை அதில் உட்கார வைத்தாய். அன்றிலிருந்து அது பார்வைக்குச் சிறுத்தையாகவும் சத்தத்துக்கு நெல் மில்லாகவும் இருந்தது. பிடுங்கிய இஞ்சினை என்ன செய்வது? பழைய இரும்புக்குப் போட மனசில்லை. தூக்கிக்கொண்டு வந்து மாட்டுக் கொட்டகையில் போட்டாய். அதன் கனத்தை எந்த மாட்டாலும் இழுத்துக்கொண்டு ஓட முடியாது என்பதைக் கண்டு, கயிற்றை அதிலேயே கட்டினாய். உன் வீட்டில் மூன்று தலைமுறை மாடுகள் அமெரிக்க இஞ்சினில் கட்டுண்டு அசை போட்டன.

தரகருக்கு இது தெரிந்தபோது அவர் நடந்துகொண்ட விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார். வெள்ளைக் கால்சட்டையோடு சாணியில் மண்டியிட்டு, காரின் சாவியால் இஞ்சினின் விலாவைச் சுரண்டினார். செல்போன் வெளிச்சத்தில் ஓர் எண் தெரிந்தது. வண்டியின் சட்டத்திலிருந்த எண்ணோடு ஒப்பிட்டார். கண் கலங்கிவிட்டது. "ரெண்டும் ஒத்துப்போகுது சார். பொறந்த இஞ்சின். பொறந்த இஞ்சின்!" மாடு அவரை மிரண்டு பார்த்தது. நானும்தான்.

ஒரே தொழிற்சாலையில் ஒரே வருஷம் செய்த இரண்டு வண்டிகளில் ஒன்று பங்களா விலைக்கும் மற்றொன்று பசுமாட்டு விலைக்கும் போவது ஏன் என்று அவரைக் கேட்டேன். அவர் பொறுமையாகப் பாடம் நடத்தினார். பெரிய இஞ்சின் போட்டுக் கொஞ்சமே செய்த வகைதான் மேல்சாதி. அதே உடம்பில் சின்ன இஞ்சின் இருந்தால் யாரும் சீந்துவதில்லை. பிறந்தபோது இருந்த இஞ்சின், பிறந்தபோது அடித்த பெயின்ட். மாற்றி அடித்த பெயின்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் இழுக்கு. பந்தயத்தில் ஓடியதோ பிரபலம் ஒருவர் உட்கார்ந்ததோ இருந்தால் தனி விலை. எல்லாவற்றுக்கும் மேலே, ஓடாமல் இருந்திருக்க வேண்டும். எவ்வளவுக்கு ஓடவில்லையோ அவ்வளவுக்கு விலை.

"யார் சார் இதையெல்லாம் வாங்குறாங்க?" என்றேன்.

"பதினஞ்சு வயசுல செவுத்துல படம் ஒட்டி வச்சிருந்தவங்க. அம்பத்தஞ்சுல கையில காசு வந்ததும் வாங்குறாங்க. அந்த வயசு ஆளுங்க போயிட்டா அந்த மாடலும் விழுந்துடும். அதுக்குள்ள வித்துடணும்."

இவ்வளவு நேர்மையான வாக்கியத்தை நான் அந்த ஆளிடம் எதிர்பார்க்கவில்லை. பறக்கச் செய்த பொருளைப் பறக்காமல் வைத்திருந்தால் பரிசு, சுமந்தால் அபராதம். நீ அதன் கூரையில் இரும்புக் கம்பி பற்றவைத்துக் கடலை மூட்டை ஏற்றினாய். வடகாட்டுக் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு ஓட்டினாய். யார் வீட்டில் நெஞ்சுவலி என்றாலும் முதலில் வந்து நின்றது அந்த நெல் மில் சத்தம்தான். "வண்டின்னா ஓடணும் மாப்ள. நிக்கிறதுக்குத்தான் வீட்டுல தூணு இருக்கே," என்பாய். தரகரின் கணக்கில் நீ ஆயுள் முழுக்க அந்த வண்டியின் விலையைக் குறைத்துக்கொண்டே இருந்திருக்கிறாய்.

அவர் பின் சீட்டைத் தடவிப் பார்த்தார். "சீட்டு அசல். தையல்கூடப் பிரியல. இந்தக் கறை மட்டும் கெமிக்கல் போட்டா போயிடும்."

பாலு வேறு பக்கம் பார்த்தான்.

அந்தக் கறை உனக்குத் தெரியும். கார்த்திகை அடைமழை. நட்டநடுப் பகலில் இருட்டிக் கிடந்தது. பஸ் ஓடவில்லை. வலி கண்ட தனத்தை முன் சீட்டை மடக்கி, அந்த இரண்டு கதவு வண்டியின் பின்னால் ஏற்றுவதற்குள் நமக்கு உயிர் போனது. கூட நர்சம்மா. முன்னால் நீயும் நானும். திருவரங்குளம் தாண்டி ரோட்டில் முழங்கால் தண்ணீர். நீ வண்டியை நிறுத்தவே இல்லை. "நிறுத்துனா நின்னுரும் மாப்ள," என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாய், அழுதுகொண்டும் ஓட்டினாய். புதுக்கோட்டை வருவதற்கு முன்பே பின்னாலிருந்து பாலுவின் குரல் கேட்டது. நீ அப்போதும் நிறுத்தவில்லை. ஹாரனை மட்டும் விடாமல் அடித்தாய். ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரும் கல்யாண வண்டி என்று நினைத்தார்கள்.

அந்தப் பாலுதான் இப்போது ஷார்ஜாவில் வேலை போய் வந்திருக்கிறான். ஊரிலேயே தேங்காய் நார் மில் போட வேண்டும், தங்க வேண்டும் என்கிறான். அதற்கு முதல் வேண்டும். அவன் கேட்பது நியாயம்தான். அவன் இடத்தில் இருந்தால் நீயே விற்றிருப்பாய், அதுவும் துடைத்துவிட்டு.

மத்தியானம் காமிரா வந்தது. வாங்குபவர்களுக்கு அனுப்ப ஒரு வீடியோ வேண்டுமாம். வண்டியை அது வந்த நாளிலிருந்து தெரிந்த ஒருவர் அதில் பேச வேண்டும். "நூலகரா இருந்தவர்னு சொன்னாங்க. சார் முகத்துல ஒரு நம்பகம் இருக்கு," என்றார் தரகர். புழுதி படிந்த பானட்டின் அருகே நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். கோழியும் தன் கடமையைச் செய்திருந்தது.

"ஒரு வரிதான் மாமா," என்றான் பாலு. "வாங்குன வருஷத்தோட கொட்டகைல நிறுத்துனது, அப்பறம் ஓடவே இல்லன்னு சொல்லுங்க. டீசல் இஞ்சினையும் கூரைக் கம்பியையும் கழட்டிடுவாங்க."

"யாரு சொல்றது?"

"நீங்கதான். நீங்க சொன்னா நம்புவாங்க."

"நீ எங்கடா பொறந்த?"

"அத இப்ப எதுக்கு இழுக்குறீங்க மாமா?" என்றான், தரையைப் பார்த்து.

அப்போது தனம் காப்பியோடு வந்தாள். வண்டியைப் பார்த்ததும் டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் பானட்டைத் துடைக்கப் போனாள். தரகர் பதறிக் குறுக்கே பாய்ந்தார்.

"அம்மா, தொடாதீங்கம்மா, ப்ளீஸ்."

"என்னண்ணே இது? யாரு இப்புடி மண்ணள்ளிப் போட்டது?"

"ஓடாத வண்டி மாதிரி இருக்கணுமாம்மா," என்றேன்.

"ஓடாத வண்டியா?" தனம் தரகரைப் பார்த்தாள். "ஏந்தம்பி, இந்தா நிக்கிறானே, இவன் இந்த வண்டியிலதான் பொறந்தான். திருவரங்குளம் தாண்டி. ஓடாத வண்டியில எப்புடிப் பொறப்பான்?"

தரகர் கணக்குப் போடுவதற்கு ஒரு கணம் எடுத்துக்கொண்டார். பிறகு மிகவும் மரியாதையாக, இருமல் மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டரைப் போலச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வண்டில ஒருத்தர் பொறந்தது நல்ல கதைதான். ஆனா பொறந்தது யாருங்கறதப் பொறுத்துதான் விலை ஏறும். ஒரு மகாராஜா, ஒரு சினிமா ஸ்டார்னா வேற. இது... கறையாத்தான் கணக்காகும்."

காமிராக்காரர், "ரோலிங்கா சார்?" என்று கேட்டார். நான் எழுந்து நாற்காலியை மடக்கி வைத்தேன். தனம் முந்தானையை அவிழ்த்துப் பானட்டைத் துடைத்தாள். இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது பாலு வண்டிக்குள் தலைகீழாகக் கிடந்து ஸ்பானரால் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். துருவேறிய போல்ட்டுகள். உன்னைப் போலவே கெட்ட வார்த்தை சொன்னான். ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னான், பிடித்தேன்.

திங்கட்கிழமை லாரி வந்து வண்டியையும் இஞ்சினையும் ஏற்றிக்கொண்டு போனது. மாட்டைத் தென்னையில் கட்டியிருக்கிறார்கள். பின் சீட்டு உன் வீட்டுக் கூடத்தில், உன் படத்துக்குக் கீழே கிடக்கிறது. தனம் அதைத் தினமும் துடைக்கிறாள். நேற்று அதில் உட்கார்ந்துதான் காப்பி குடித்தேன். எழுந்து வந்த பிறகும் அந்த டீசல் வாடை என் வேட்டியில் இருக்கிறது. துவைக்கப் போடவில்லை.

அசல் பின் இருக்கை இல்லை என்பதால், பேசிய விலையில் கால் பங்கைக் குறைத்துக்கொண்டார்கள்.