மருந்து கலக்கும் நாள்

அக்கா,

இன்று காலை ஷெட்டுக்குப் போனபோது கோழிகளின் தண்ணீர்த் தொட்டியில் மருந்துத் தூளைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கசப்பு நெடி மூக்கில் ஏறியதும் என்னையறியாமல் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூப்பிடும் நேரம் அது. நீங்கள் போய் வருஷம் ஒன்றாகப் போகிறது, இந்தப் பாழாய்ப்போன மனதுக்கு இன்னும் பழகவில்லை. நிறுத்துங்கள் என்று அவர்களிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

ஆடிக்காற்று தொடங்கினாலும் மார்கழிப் பனி இறங்கினாலும், கோழிக்குச் சளி பிடிக்கும் முன்பே தொட்டியில் ஆன்டிபயாடிக் விழுந்துவிடும். அதே நாளில் நம் வீட்டுப் பேரப்பிள்ளைகளையும் நிற்கவைத்து, மெடிக்கலில் வாங்கி வைத்த இனிப்பு ஆன்டிபயாடிக் மருந்தை ஆளுக்கொரு மூடி ஊற்றுவீர்கள். காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. வரப்போவதற்கு முன்கூட்டியே! "கோழிக்குப் போடற அன்னிக்கே புள்ளைங்களுக்கும் போட்டுரோணும் அம்மிணி, அப்பத்தான் மறக்காது" என்பீர்கள். மீதி மருந்து கோழித் தடுப்பூசிக் குப்பிகளோடு ஃபிரிட்ஜில் இருக்கும். மருந்து பாட்டிலைக் குலுக்கிக் கொடுத்தவள் நான்தான். அதில் பெருமை வேறு. எங்கள் அக்கா இருக்கும்வரை டாக்டர் வீட்டு வாசலை மிதிக்க வேண்டியதில்லை என்று சொந்தக்காரர்களிடம் அளந்துகொண்டிருப்பேன்.

முட்டை பொறுக்கும் செல்வியின் பெண் குழந்தையையும் நீங்கள் விட்டதில்லை. கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்து நம் லைன் வீட்டில் இருக்கிறாளே, அந்தச் செல்விதான். "நம்ம புள்ளைக்கு ஒண்ணு, அவ புள்ளைக்கு ஒண்ணா? கொண்டா சாமி" என்று அந்தக் குழந்தைக்கும் ஊற்றுவீர்கள். அது உங்கள் பெரிய மனசு. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுதான் அக்கா என்னைக் கொல்கிறது.

நீங்கள் போன பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இந்த ஆடியில் செல்வியின் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அதே மருந்தைக் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கிச் சோறு தின்றது, நிறுத்திவிட்டேன். கோழி தீவனம் எடுத்துவிட்டால் மருந்தை நிறுத்துகிற பழக்கம்தானே நமக்கு. மறுபடி காய்ச்சல் வந்தபோது குழந்தை துவண்டுவிட்டது. காரைப் போட்டுக்கொண்டு சேலத்துக்கு ஓடினோம்.

கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. எந்த மருந்துக்கு அது சாகும் என்று ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். முதலில் கொடுக்கிற மருந்து கேட்கவில்லை, அதற்கடுத்ததும் கேட்கவில்லை. இதற்கு முன் என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இது உங்களாலதான்னு இந்த ஒரு குழந்தையை வெச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா மருந்துக்குப் பழகின கிருமி உங்க பண்ணையில இருக்கலாம், வீட்டுல இருக்கலாம், உங்க பேரன் வயித்துலகூட இருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. கடைசியாக ஏற்றிய மருந்து வேலை செய்வதற்குள் குழந்தை போய்விட்டது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய செல்வி என்ன சொன்னாள் தெரியுமா? பெரியம்மா உயிரோடு இருந்திருந்தால் எப்படியாவது காப்பாற்றியிருப்பார்களாம். நான் தலையாட்டினேன். அவள் அதையே சொல்லும்போதெல்லாம் தலையாட்டினேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கும். உங்கள் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என் பேரைத்தான்.

போன வாரம் செல்வி, மூக்கு ஒழுகும் தன் இளைய கைக்குழந்தையோடு வந்து, பெரியம்மா கொடுக்கிற மருந்து கொஞ்சம் வேண்டும் என்றாள். அன்றைக்குத்தான் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன் அக்கா, மறைக்கவில்லை. கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பார்த்தேன். அவள் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே இருந்தாள்.

"மூத்தவ வேணாம் வேணாம்னு திமிறுவாளுங்க சின்னம்மா. நான்தான் கையைப் பிடிச்சு வாயைத் தொறந்து விட்டேன்."

அந்தச் சின்னதை உடனே டாக்டரிடம் கூட்டிப் போனேன். வெறும் சளி, ஆன்டிபயாடிக் எதுவும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். நாம் செய்ததை அவள் தலையில் தூக்கி வைத்ததுதான் மிச்சம். உன் மேல் ஒரு தப்பும் இல்லை செல்வி என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன். "சரிங்க" என்கிறாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, அக்கா.