லூர்து மாதா வராத ஞாயிறு

1934 ஜனவரி 30, செவ்வாய்

அடேயப்பா, என்ன நிறம்! குண்டசாலையில் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள். என் முதலாளி ஹாஷிம் நானா அதன் வண்ணக் கண்ணாடிகளைக் கடைக்கு அள்ளி வந்துவிட்டார். படத்துக்குச் சட்டம் போடும் எங்கள் கடைக்கு இவை உதவாது. "நீயே எடுத்துக்கோ ஹென்றி. காலையில இருந்து இதையே பாத்துக்கிட்டு நிக்கிற, ஒரு வேலையும் நடக்கல்ல," என்றார்.

பதினொரு துண்டு. இரும்புக் கம்பிகளில் ஆள் உயரத்துக்கு நிறுத்துவேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்து. உருவம் ஒன்றும் கிடையாது. வெயில் உள்ளே புகுந்து நிறமாய்த் தரையில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

பெப்ரவரி 3

எங்கள் பங்குக் குரு மரியநாயகம் சாமி கோயில் முற்றத்தில் இடம் தந்துவிட்டார்! லூர்து மாதா திருநாளன்று திறக்கலாமாம். "கண்ணாடியில ஒன்னு செய்யிறேன் சாமி," என்றேன். "ஓம், வடிவாச் செய்யும்," என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் அதிகம் கேட்கவில்லை, நானும் அதிகம் சொல்லவில்லை.

பெப்ரவரி 8

"மாதாவுக்கு முகம் எப்ப வைப்பீங்க?" என்கிறாள் என் மனைவி டொரதி. எந்த மாதா? சிரித்துவிட்டுப் போய்விட்டேன். சொல்லியிருக்க வேண்டுமோ?

பெப்ரவரி 10

நிறுத்தியாகிவிட்டது. கீறல் விழாமலிருக்க வெள்ளைத் துணி சுற்றினேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு

அந்தத் துணிதான் பிழை. மூடி நிற்பது மாதாதான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. மாலையோடு முதல் ஆள் பாப்பம்மா அக்கா. புருஷன் போய்ப் பத்தொன்பது வருடமாக வெள்ளைச் சேலைதான். கோயிலில் சாமிக்கே கட்டளை போடுவாள். பாட்டு, தீர்த்தம், எல்லோரும் முழங்காலில். சாமி துணியை இழுத்தார்.

எல்லோரும் எட்டி எட்டி மாதாவைத் தேடினார்கள். வானம் வேறு மூடிக் கிடந்தது. கண்ணாடி கழுவாத போத்தல் மாதிரி நின்றது.

"முகம் எங்கடா?" பாப்பம்மா அக்காதான். "மாதாவ என்னடா பண்ணின?"

எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. கடவுளே, அந்த நேரத்திலா!

"விபூதிப் புதன் பூசை முடிஞ்சதும் உந்தக் கண்ணாடியைக் கழட்டிப்போடும்," என்றார் சாமி. "கக்கூஸ் யன்னலுக்கு உதவும்."

கக்கூசுக்கு! என் மஞ்சள், என் சிவப்பு!

பெப்ரவரி 12

மழை.

பெப்ரவரி 13

மூட்டம். பாழாப்போன வானமே, ஒரே ஒரு நாளைக்குத் தொறந்து காட்டேன்! "நான் வேணும்னா விளக்கு பிடிக்கவா?" என்கிறாள் டொரதி. கேலியா, அன்பா?

பெப்ரவரி 14, விபூதிப் புதன்

வெயில்! வெயில்! வெயில்!

கழட்டுவதற்குக் குறட்டோடு காத்து நின்றேன். பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு எல்லோரும் வெளியே வந்தார்கள். வெயில் கூரைக்கு மேல் ஏறியது. முற்றமெல்லாம் நிறம்.

பாப்பம்மா அக்கா என்னைத் திட்டத்தான் வந்தாள். பாதி வழியில் சேலை சிவந்தது. "ஐயையோ," என்று தட்டிவிட்டாள். போகவில்லை, கையும் சிவந்தது. ஓர் எட்டு நகர்ந்தாள், நீலம். இன்னோர் எட்டு, மஞ்சள். முந்தானையை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சாமி," என்று கூப்பிட்டாள். "இத இவன் கழட்டட்டும், அப்புறம் இருக்கு."

சாமியின் வெள்ளை அங்கி அப்போது பச்சை. "ஓம், ஓம், நிக்கட்டும்," என்றார், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

டொரதியின் கையைப் பிடித்து முற்றத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். கொண்டாட்டம் கூடாத தபசு காலம் தொடங்கிய அன்றைக்கே!

மார்ச் 6

காலையில் கடைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். பாப்பம்மா அக்கா கண்ணாடி முன்னால் தனியாக நின்றாள். என்னைக் கண்டதும் தூசி துடைக்கிறவள்போல் துணியை எடுத்தாள்.

"செவப்பு முழங்காலோட நின்னுருதுடா," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "கால் வரைக்கும் வரணும்."

கடைக்கு ஓடிக் குறடு எடுத்துவந்து கம்பியை வளைத்தேன். சிவப்பு மெல்ல இறங்கி அவள் பாதம் வரை வந்தது.

"போதும். வேலைக்குப் போ," என்றாள்.