கையைப் பார்த்துச் சொன்ன "சரிங்க"

ஜூலை 20, 2025

ஆடிக்கு அக்காவை அழைத்து வந்தாயிற்று. கல்யாணமாகி நாலு மாதம். மீன்காரம்மா பழைய நகரை மீனை நீட்டினாள். வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் என் அக்கா சண்முகவள்ளி, "சரிங்க" என்று வாங்கிக்கொண்டாள்! அய்யா ஃபேன் சுவிட்சுக்குக் கை நீட்டியபோது சட்டென்று விலகி வழிவிட்டாள். அய்யாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்பத்தான் பொண்ணா லட்சணமா இருக்கா."

எனக்கு என்னவோ பிடிக்கவில்லை.

ஜூலை 24

கல்லூரி நாடகத்தில் நான்தான் நாயகி. பழைய சிரிப்பு நாடகம். மூன்று காட்சி புருஷனை வாங்கு வாங்கென்று வாங்குகிறவள், கடைசிக் காட்சியில் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்கிறாள். ஏன் மாறினாள்? கவிப்ரியா மேடத்தைக் கேட்டேன்.

"அன்பால மாறிட்டா, யுவராணி. சிரிப்பு வரணும், அவ்வளவுதான்."

அந்த அன்பு மூன்று காட்சியும் எங்கே போயிருந்ததாம்?

ஜூலை 29

அந்த "சரிங்க" வரவில்லை. நான் சொன்னால் பொய்யாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி இல்லடி. மொதல்ல அவன் கையைப் பாரு. அது எங்கன இருக்குன்னு பாத்துட்டு, அப்புறம் சொல்லு."

"அக்கா, ஒனக்கு எப்படி—"

"சும்மா சொன்னேன். அய்யாட்ட எதுவும் சொல்லிராத."

பாவி, அடிக்கிறானா? ஆடி முடிஞ்சா வந்து கூட்டிட்டுப் போயிருவானே. அய்யாட்ட சொன்னா, பொறுத்துப் போன்னு சொல்லிட்டா? பயமா இருக்கு.

ஆகஸ்ட் 8

நாடகம். அய்யாவும் அக்காவும் முன்வரிசையில். செவ்வந்தி மீசை வரைந்து புருஷனாக நின்றாள். கடைசிக் காட்சியில் அவள் கையைப் பார்த்தேன். உயர்ந்தபோது சட்டென்று விலகினேன். "சரிங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அய்யா மேடையைப் பார்க்கவே இல்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்காவிடம் கேட்டார்.

"அன்னைக்கு நான் சுவிட்சுக்குக் கை நீட்டுனப்ப ஏன் தாயி வெலகுன?"

அக்கா ரோட்டிலேயே நின்று அழுதாள்.

ஆகஸ்ட் 17

ஆவணி ஒன்று. அத்தான் வந்தார். "கெளம்பு" என்றார். அக்கா அவர் கையைப் பார்த்தாள். பிறகு அய்யாவைப் பார்த்தாள்.

"நான் வரல."

குரலே எழும்பவில்லை. அய்யா எழுந்து நடுவில் நின்றார். "கேட்டுச்சுல்ல மாப்ளே?"

ஆகஸ்ட் 27

காலையில் வாசலில் சத்தம்.

"நேத்துச் செத்த மீனை இன்னைக்குப் புடிச்சதுன்னு யாருகிட்ட விக்கிறீக?"

தெருவே திரும்பிப் பார்த்தது. "மெதுவா..." என்று வாயெடுத்த அய்யா, அதை விழுங்கிக்கொண்டு மீன் கழுவத் தண்ணி எடுக்கப் போனார்.