வெளியே நின்ற கறுப்பி

அன்புள்ள ஈவாஞ்சலினுக்கு,

எழுத வேண்டியவை:
1. பூனைகளின் ரத்தப் பரிசோதனை.
2. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நீ தூக்கிவந்த பூனை கறுப்பியை நான் வெளியே நிறுத்தியது சரியே.
3. நாசரேத்திலிருந்து நீ திரும்புவது.

"வாசல்ல கத்துத சீவனுக்குமா பயப்படுதிய?" என்று கேட்டுவிட்டு நாசரேத்திலுள்ள உன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய். பூனைக்கு வரும் ரத்தப்புற்றுக் கிருமி எச்சிலில் பரவும். ஒரே தட்டில் தின்றால் நம் வீட்டுப் பூனை ராணிக்கு ஒட்டிவிடும் என்றே பயந்தேன்.

இதுவரை காலையில் எழுதியது. இப்போதுதான் இரண்டையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்தேன்.

"சார், கறுப்பிக்கு ஒண்ணுமில்ல. கிருமி உங்க ராணிக்குல்லா இருக்கு! இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பாப்போம். கறுப்பிக்குத் தடுப்பூசி போட்டுத் தனியா வைங்க" என்றார்.

ராணி படுக்கையறையிலிருந்து என்னைக் கூப்பிடுகிறது. கறுப்பி முன்னறையில் தூங்குகிறது. நடுக்கதவைத் திறக்க எனக்குத் தைரியமில்லை. நீ வா.

வெளியே நின்றதால்தான் கறுப்பி தப்பியது. ஆனால் அதைக் காப்பாற்ற நான் நிறுத்தவில்லை. இரண்டாவதில் 'சரியே' என்றது தவறு.

உன் வீட்டுக்காரன்